காருக்கு வடிகட்டிய காற்று, எங்களுக்குத் தின்னர் மூட்டம்

“அவனுக்குப் பீடிப் பழக்கமுங்க. அதான் நெஞ்சு கெட்டுப் போச்சு.”

இருபத்து மூன்று வருடம் தன் பட்டறையில் நின்று பேருந்துக்கும் காருக்கும் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்த ஒரு மனிதரைப் பற்றி அந்த முதலாளி எங்களிடம் சொன்ன மொத்த விளக்கமும் இவ்வளவுதான். அவரைவிடப் பத்து வயது மூத்தவர் எங்கள் பெயிண்டர் அண்ணன். அவருக்கு ‘அவன்’, எங்களுக்கு ‘ங்க’. எங்களுக்கு ‘ங்க’ கிடைத்ததும்கூட எங்களோடு வந்திருந்த வழக்கறிஞரின் கறுப்புக் கோட்டுக்காகத்தான். பேசி முடித்ததும் பத்தாயிரம் ரூபாயை ஒரு கவரில் போட்டு, அண்ணன் கையில் கொடுக்காமல் மேசை ஓரத்தில் வைத்தார். கொங்குப் பக்கம் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அண்ணன் பீடி குடித்தவர்தான். மறைக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. ஆனால் அவருடைய மூச்சிரைப்பு எப்படிப்பட்டது என்று அண்ணியிடம் கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் போன நாளில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நெஞ்சு இறுகும். படுக்க முடியாமல் விடிய விடிய வாசலில் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தேவலை. பொங்கலுக்கு நாலு நாள் பட்டறை பூட்டியிருந்தால் காலனிப் பையன்களோடு கபடி ஆடுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிடும். திரும்பப் போய்க் கன்னைக் கையில் எடுத்த அன்றைக்கே அதே இரைப்பு. பீடி ஞாயிற்றுக்கிழமை லீவு விடுமா? வேலை நாளில் கூடி விடுமுறையில் குறைகிற இரைப்பு, வேலையால் வருகிற ஆஸ்துமாவின் முக்கியமான அடையாளம் என்று மருத்துவப் பாடமே சொல்கிறது. அண்ணனைப் பார்த்த எந்த டாக்டரும் ‘என்ன வேலை செய்கிறாய்’ என்று கேட்கவில்லை. ‘பீடி குடிப்பியா’ என்று எல்லோரும் கேட்டார்கள்.

அவர் சுவாசித்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறோம். இப்போது பட்டறைகளில் அதிகம் ஓடுவது பி.யு. என்கிற இரண்டு டப்பா பெயிண்ட். ஒன்றில் பெயிண்டோ கிளியரோ இருக்கும், இன்னொரு சின்ன டப்பாவில் ஹார்டனர். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். பெயரைக் கேட்டதும் போபால் ஞாபகத்துக்கு வந்தால் தவறில்லை. 1984 டிசம்பரில் அந்த ஊர் மக்களைக் கொன்றது மெத்தில் ஐசோசயனேட். ஹார்டனரில் இருப்பது அதே குடும்பத்தில் வேறொரு ஆள். ஒரே இரவில் கொல்லாது. கன்னிலிருந்து நுண்துளியாகப் பறந்து, வருடக்கணக்கில் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும். அதற்குப் பிறகு துளியூண்டு பட்டாலே மூச்சுக்குழல் சுருங்கும். வாடையை வைத்துத் தப்பிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே ஆபத்தான அளவைத் தாண்டியிருக்கும். பட்டறையில் கும்மென்று அடிக்கிற வாடை தின்னருடையது. அதிலிருக்கிற டொலுயீனும் சைலீனும் தலைவலி, கிறுகிறுப்பு என்று தம் பங்குக்கு வேலை பார்க்கும். பெயிண்டர் வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1989-லேயே முதல் வகையில் வைத்துவிட்டது. புகையிலை இருக்கிற அதே வகைதான். பீடியைப் பற்றிக் கவலைப்படும் முதலாளிமார்களின் கவனத்துக்கு.

அடுத்து, அண்ணன் நின்ற இடம். முதலாளி அதைப் ‘பூத்’ என்கிறார். பெயர்ப்பலகையில்கூட ‘பெயிண்ட் பூத் வசதி உண்டு’ என்று எழுதியிருக்கிறார். மூன்று பக்கம் தகரம், முன்பக்கம் ஷட்டர், தூசி எழும்பாமல் இருக்கத் தண்ணீர் தெளித்த சிமெண்ட் தரை, பின்சுவரில் கூரையை ஒட்டி ஒரு 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், வீட்டுச் சமையல்கட்டில் மாட்டுவோமே, அதே ஃபேன். பெயிண்ட் அடிக்கும்போது ஷட்டரை இறக்கிவிடுவார்கள். கடைசிக் கோட், அதாவது கிளியர் அடிக்கும்போது அந்த ஒற்றை ஃபேனையும் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். ஐசோசயனேட் காற்றில் அதிகம் பறக்கிற நேரம் அதுதான்.

ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டோம். “ஃபேன் போட்டாத் தூசி இழுக்குதுங்க. கிளியர்ல ஒரு தூசி உக்காந்துச்சுன்னா வண்டிக்காரன் திரும்பக் கொண்டாந்து உட்ருவான்.”

அவர் சொன்னது பொய்யில்லை. ஃபேன் ஓடினால் தூசி இழுக்கத்தான் செய்யும். ஏன் இழுக்கிறது என்பதில்தான் எல்லா விஷயமும் இருக்கிறது. ஒரு அறையிலிருந்து எவ்வளவு காற்று வெளியே போகிறதோ அவ்வளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். வருவதற்கு வழி வைக்காவிட்டால் ஷட்டருக்கு அடியில், தகர இடுக்கில், ஆணி ஓட்டையில் என்று கிடைத்த சந்தில் எல்லாம் நுழையும். நுழையும்போது ரோட்டுத் தூசியையும் பட்டி தேய்த்த தூளையும் கூட்டிக்கொண்டு வரும். பூத் என்பது ஃபேன் மாட்டிய தகர அறை அல்ல. அது ஒரு காற்றுப் பாதை. முன்னாலோ மேலேயோ அகலமாகத் திறப்பு விட்டு, அதில் ஃபில்டர் பொருத்தி, வடிகட்டிய காற்று உள்ளே வர வேண்டும். அது அலைபாயாமல் மெதுவாக, சீராக வண்டியைத் தழுவிக்கொண்டு போய், எதிர்ப்பக்கம் தாழ்வாக வைத்த இன்னொரு ஃபில்டர் வழியாக வெளியேற வேண்டும். பெயிண்ட் துளியை அந்த ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். ஆவியைப் பிடிக்காது. அதனால்தான் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றிவிட வேண்டும் என்பது. அடிப்பவர் காற்று வருகிற பக்கம் நிற்க வேண்டும். அவரைத் தாண்டி வண்டி, வண்டியைத் தாண்டி ஃபில்டர். இந்த வரிசை மாறினால் முகத்துக்குத்தான் மூட்டம் வரும். பின்சுவரின் உச்சியில் ஃபேன் மாட்டினால் என்ன ஆகும்? தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கிக் கிடக்கும். அதில் கொஞ்சம் மேலே ஏறி ஃபேனுக்குப் போகிறது என்றால், நடுவில் நிற்கிறவர் மூக்கைக் கடந்துதான் போகும்.

கணக்கும் பெரிய கணக்கு இல்லை. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி, பூத்தின் திறந்த முகப்பில் காற்று சராசரியாக நிமிடத்துக்கு 100 அடி வேகத்துக்குக் குறையாமல் நகர வேண்டும் என்கிறது. பத்தடி அகலம், எட்டடி உயரம் என்றால் முகப்பு 80 சதுர அடி. அப்படியானால் நிமிடத்துக்கு 8,000 கன அடிக் காற்று வேண்டும். சமையல்கட்டு ஃபேன் ஆயிரம் கன அடியை ஒட்டி வந்தாலே பெரிது. அதன் முன்னால் ஒரு ஃபில்டரை வைத்தால் அதுவும் வராது, ஏனென்றால் எதிர்த்து இழுக்கிற பலம் அதற்குக் கிடையாது. ஃபில்டர் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க ஒரு அழுத்தமானி வைக்க வேண்டும். தின்னர் ஆவி நடுவே சாதாரண மோட்டார் ஓடினால் ஒரு தீப்பொறி போதும், வண்டியோடு சேர்ந்து ஆளும் எரிந்துபோக. எல்லாம் செய்தாலும் கன்னை நிறுத்தியவுடன் மூட்டம் போய்விடுவதில்லை. நல்ல பூத்தில் சில நிமிடம், வெறும் அறையில் இருபது நிமிடத்துக்கு மேலும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். அப்போதுதான் நம் ஆள் ‘சட்டை வந்திருச்சா, ஆரஞ்சுத் தோல் விழுந்திருக்கா’ என்று கைக்குட்டையை இறக்கிவிட்டுப் பேனலுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்ப்பார். பேருந்துக்கு உள்ளே, சீட்டு மாட்டுவதற்கு முன்னால், மேல்தட்டுக்கும் பக்கவாட்டுக்கும் அடிக்கிற பையன்களுக்கு இந்தத் தகர ஷெட்கூட இல்லை. பேருந்தே பெட்டி.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஒழுங்கான காற்றோட்டம் இருந்தால் பெயிண்டுக்கும் நல்லது. தூசி உட்காராது, பறந்த துளி திரும்பப் படிந்து சொரசொரப்பு ஏறாது. முதலாளிக்கு நட்டமே இல்லாத இடத்தில்கூட அவர் அதைச் செய்யவில்லை. இருபத்து மூன்று வருடமாகத் தூசிப் பிரச்சினைக்கு அவர் கண்ட தீர்வு, காற்றை நிறுத்துவது. காற்றை நிறுத்தினால் உள்ளே இருக்கிற ஆள் என்ன ஆவான் என்ற கேள்வி அந்தத் தீர்வின் எந்த இடத்திலும் குறுக்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

“இதுல எங்கீங்க சாதி வந்துச்சு?” என்று உடனே கேட்பார்கள். முதலாளி கேட்டார். சில முற்போக்கு நண்பர்களும் கேட்டார்கள். எங்கள் ஊரைச் சுற்றியிருக்கிற பட்டறைகளில் நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம். பில் போடுகிறவர் மாமன் மச்சான். என்ஜின், எலக்ட்ரிக்கல் கற்றுக்கொள்வது சொந்தக்காரப் பையன்கள். பட்டி தேய்க்கவும் பெயிண்ட் அடிக்கவும் அருந்ததியர் காலனி ஆட்கள். இப்போது கூடவே பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். அவர்கள் என்ன சாதி என்று முதலாளி கேட்பதில்லை. கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது தெரிந்தால் அவருக்குப் போதும். முதலாளி உட்காருகிற கண்ணாடி அறைக்கு ஏ.சி. இருக்கிறது, அந்த ஏ.சி.க்கு ஃபில்டர் இருக்கிறது, மாதாமாதம் கழற்றிக் கழுவுகிறார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவர்களின் பிள்ளைகள் பட்டறையில் இரட்டைக் காற்று வைத்திருக்கிறார்கள். தமிழில் ‘வண்ணம் தீட்டுவது’ என்று சொல்கிறோம். வண்ணத்தைத் தீட்டுகிறவர்களுக்குத் தீட்டு மிஞ்சுகிறது. வண்டியில் ஒரு தூசி படக்கூடாது, ஒரு கைரேகை படக்கூடாது, அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தத்துக்குத் தேவையான அழுக்கையெல்லாம் வாங்கிக்கொள்ள ஒரு நெஞ்சு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் பாட்டன்கள் செய்த வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மாஸ்க் கொடுத்தோம், போட மாட்டேன் என்கிறார்கள் என்பது அடுத்த பாட்டு. கொடுத்தது துணி மாஸ்க். அது பட்டித் தூளைக் கொஞ்சம் தடுக்கும், ஐசோசயனேட்டைத் தடுக்காது. பி.யு. அடிப்பவருக்குத் தேவை வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்று வருகிற முகமூடி. அதுவும் பூத்துக்குப் பதிலாக அல்ல, பூத்தோடு சேர்த்து. மூடிய தகர ஷெட்டில், சித்திரை வெயிலில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்று காட்டட்டும், பிறகு பேசலாம்.

சட்டம் என்ன செய்தது? இத்தனை காலம் நம்மை ஆண்ட 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் காற்றோட்டத்துக்கு 13-ஆம் பிரிவு, தூசிக்கும் புகைக்கும் 14-ஆம் பிரிவு. புகை கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அதை இழுத்து வெளியேற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் ஐசோசயனேட் நச்சு என்று பெயர் சொல்லியே இருந்தது. அப்படி ஒரு நோயாளியைப் பார்க்கிற மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று 89-ஆம் பிரிவு சொன்னது. ஆக, யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை இது. ஆனால் மின்சாரம் ஓடுகிற இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. எங்கள் அண்ணன் வேலை செய்த இடத்தில் பதினாலு பேர். பதிவேட்டில் ஏழு பேர். மிச்ச ஏழு பேர் ‘காண்ட்ராக்ட்’. அந்த ஏழு பேரும் எந்தத் தெரு என்று சொல்ல வேண்டுமா? பத்துப் பேருக்குக் குறைந்த இடத்துக்கும் சட்டத்தை நீட்டிக்க மாநில அரசுக்கு 85-ஆம் பிரிவு அதிகாரம் கொடுத்திருந்தது. அந்தக் கதவு எங்கள் நெடுஞ்சாலையோரப் பட்டறைகளின் பக்கம் திறந்து நாங்கள் பார்த்ததில்லை. 2020-இல் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ பத்தை இருபது ஆக்கிவிட்டது. வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற 1946 திருத்தத்தைத் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து கொண்டுவந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் நேரத்தை அளந்து வாங்கிக் கொடுத்தார். ஆளை எண்ணுகிற இடத்தில் இவர்கள் நம்மைக் கழித்துவிட்டார்கள்.

பெயிண்ட் டப்பாவுக்குள்ளும் இதே கதைதான். வீட்டுப் பெயிண்டிலும் அலங்காரப் பெயிண்டிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்று 2016-இல் விதி போட்டார்கள், 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி, வரவேற்கிறோம். ஆனால் தொழிற்சாலைகளுக்கான பெயிண்ட் அதில் வராது. வீட்டுச் சுவரை ஒட்டித் தூங்குகிற குழந்தைக்கு ஒரு அளவு. அதே நிறத்தைத் துளித்துளியாகக் காற்றில் பறக்கவிட்டு, எட்டு மணி நேரம் அதற்குள் நிற்கிறவருக்கு எந்த அளவும் இல்லை.

எங்களையும் விட்டுவைக்கப் போவதில்லை. மலக்குழியில் இறங்கி யாராவது செத்தால் அன்று மாலையே சாலையில் உட்காருகிறோம். 2013 சட்டத்தின் பிரிவுகள் எங்களுக்கு மனப்பாடம். அதுவும் காற்றால் வருகிற சாவுதான். மூடிய குழி, தேங்கிய வாயு, இறக்கிவிடப்பட்ட ஆள். ஐந்து நிமிடத்தில் கொன்றால் அது சாதி என்று எங்களுக்குத் தெரிகிறது. அதே காற்று இருபத்து மூன்று வருடம் எடுத்துக்கொண்டால் ‘அண்ணனுக்கு உடம்பு சரியில்லை’ என்று பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அண்ணன் ஒவ்வொரு ஏப்ரல் 14-க்கும் காலனி முகப்பில் இருக்கிற அண்ணல் படத்துக்குச் சொந்தச் செலவில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தவர். அந்தக் கோட்டின் நீலம் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று பேசிய எங்களில் ஒருவர்கூட அவர் இருமுவதைக் கேட்டதாக இப்போது ஞாபகம் இல்லை.

முதலாளியிடம் நாங்கள் கேட்டது இவ்வளவுதான். ஷட்டர் பக்கம் ஃபில்டரோடு காற்று வருகிற திறப்பு. பின்சுவரில் தாழ்வாக ஃபில்டர், அதற்குப் பின்னால் தீப்பொறி வராத மோட்டாருடன் பெரிய ஃபேன். ஃபேன் ஓடாவிட்டால் கன்னுக்குக் காற்று போகாதபடி ஒரு இணைப்பு. வெளியேற்றும் குழாய் கூரைக்கு மேலே. பி.யு. அடிப்பவருக்குக் காற்றுக்குழாய் முகமூடி. அண்ணனுக்குச் சட்டப்படி இழப்பீடு. “லட்சக்கணக்குல ஆகுமுங்க, நான் சின்ன ஆளு” என்றார். சின்ன ஆள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்த தொகை கல்வெட்டில் இருக்கிறது. உள்ளே போய்ப் படிக்க எங்களுக்கு அனுமதி இல்லாததால், படித்தவர்கள் சொல்லக் கேட்டோம். குழாயைப் பற்றிப் பேசும்போதுதான் ஷெட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். அந்த 12 அங்குல ஃபேனின் வாய் எங்கள் காலனியின் கடைசி வரிசையைப் பார்த்து இருக்கிறது. அங்கே அங்கன்வாடி.

அண்ணன் இடத்தில் இப்போது கன்னைப் பிடித்திருப்பது அவருடைய அக்கா மகன். பத்தொன்பது வயது. ‘வேண்டாம்டா மாப்பிள்ளை’ என்று அண்ணனே சொல்லிப் பார்த்தார். ‘வேற எங்க மாமா போறது’ என்றான். அவனுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தோம். புகை போட்டோ ஊதுபத்தி கொளுத்தியோ பார்க்காதே, தின்னர் இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது. ஒரு குச்சி நுனியில் ஒரு முழம் தையல் நூலைக் கட்டு. ஃபேனைப் போடு, ஷட்டரை இறக்கு, நீ நிற்கிற இடத்தில் முகத்துக்கு நேராகப் பிடி. காற்று நகர்ந்தால் நூல் சாயும். வியாழக்கிழமை காலை, டப்பாக்களைத் திறப்பதற்கு முன்னால் செய்து பார்த்து, போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். ஃபேன் சத்தம் கேட்கிறது. கொத்தனாரின் தூக்குக்குண்டு போல நூல் நேராகத் தொங்குகிறது. பிறகு ஷட்டரை ஒரு அடி தூக்குகிறான். நூல் மெல்லச் சாய்கிறது.

அந்த வீடியோவையும் அண்ணனின் மருத்துவச் சீட்டுகளையும் மனுவோடு இணைத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். பத்து மணிக்குக் காலனி முகப்பிலிருந்து கிளம்புகிறோம். பக்கத்து ஊர்ப் பட்டறைகளில் பெயிண்ட் அடிக்கிற தோழர்கள் இதைப் படித்தால், நாளைக்குக் காலையில் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நூலைப் பிடித்துப் பாருங்கள். படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.